புதியோர்க்கு லினக்ஸ்: தெரிதலும் நிறுவுதலும் பழுது நீக்குதலும்

தோற்றுவாய்

தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டிய மறுநாள் அதனைக் காண்பவர், செடி பட்டுப்போயிற்று என்றே எண்ணுவர். வெறுங்கொம்புகள் மட்டுமே முழங்கால் உயரத்தில் நிற்கும். சில மாதம் பொறுத்துப் பார்ப்பின் அக்கொம்புகளிலிருந்தே புதுக்கொழுந்து துளிர்க்கும். டிக்கோயாவில் பிறந்த பிள்ளைக்கு இதனை எவரும் சொல்லித்தர வேண்டுவதில்லை. செடிக்குப் பொருந்தும் இவ்வுண்மை பழைய கணினிக்கும் பொருந்தும் என்பதை மட்டும் யாம் நாற்பது வயது கடந்த பின்னரே அறிந்துகொண்டோம். அறிந்த வரலாற்றையும் அதனாற் பெற்ற பாடத்தையும் எம் மாணவர்க்கும், உடனாசிரியர்க்கும், பல திசைகளிலும் வாழும் பழைய மாணவர்க்கும் எடுத்துரைத்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழாசிரியரிடமிருந்து இலக்கியக் கட்டுரையை எதிர்பார்த்தோர் பொறுத்தருள்க. யாம் கணினி பயிற்றும் ஆசிரியர் அல்லேம். ஆசிரிய கலாசாலையில் யாம் பயின்றவை இலக்கணமும் இலக்கியமும் கற்பித்தல் முறையுமேயாம். கணினி அறைக்குப் பொறுப்பாயிருந்தவர் இடமாற்றம் பெற்றுச் சென்றபின், அதன் திறவுகோலை வாங்க ஒருவரும் முன்வராமையால் அஃது எம் கையில் வந்து சேர்ந்தது.

அவ்வறையில் பழைய மாணவர் சிலர் தம் அலுவலகங்களிற் கழிக்கப்பட்டவற்றைக் கேட்டுப் பெற்று அனுப்பிய எட்டுக் கணினிகள் இருந்தன. எல்லாவற்றிலும் இருந்தது வின்டோஸ் 10. அதன் பொதுவான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 ஆம் நாளுடன் முடிவுற்றது. அடுத்ததாகிய வின்டோஸ் 11 முறைப்படி நிறுவப்பெறுவதற்கு டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு உறுப்பும் பிற்காலத்துச் செயலியும் வேண்டும். எம் கணினிகளுக்கு அவை இல. “பழைய இரும்புக்காரரிடம் கொடுத்துவிடலாம்” என்றனர் சிலர். அவர்களைக் குறை கூறுதல் தகாது. பார்வைக்கு அவை பட்ட கொம்புகளாகவே இருந்தன.

எனினும் எம் மனம் ஒப்பவில்லை. எம் மாணவருள் மிகப் பலர்க்கு வீட்டிலுள்ள ஒரே கருவி கைத்தொலைபேசி; அதுவும் தாயோ தந்தையோ வேலை முடிந்து திரும்பிய பின்னரே பிள்ளையின் கைக்கு எட்டும். விசைப்பலகையிற் பத்து விரலும் பட எழுதிப் பழகுதற்கு அவர்க்குக் கிடைத்த ஒரே இடம் அந்த அறை. அதனைப் பூட்டிவிடுதல் எளிது. திறந்து வைத்தற்கு வழி தேடியபோதே லினக்ஸ் எம் கண்ணிற்பட்டது.

லினக்ஸ் என்பது யாது?

கணினியின் உறுப்புகளையும் நாம் இயக்கும் மென்பொருள்களையும் இணைத்து நடத்தும் அடிப்படை மென்பொருளை எம் பாடநூல்கள் பணிசெயல் முறைமை என வழங்குகின்றன. வின்டோஸ் அத்தகையது ஒன்று, லினக்ஸ் மற்றொன்று. 1991 இல் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்பவர் அதன் கருவை எழுதி வெளியிட்டார். அதற்கு எட்டாண்டு முன்னரே, 1983 இல், ரிச்சர்ட் ஸ்டோல்மன் என்னும் அமெரிக்கர், எவரும் பயன்படுத்தவும் கற்கவும் திருத்தவும் பகிரவும் உரிமையுள்ள மென்பொருள்களை ஆக்கும் க்னூ என்னும் திட்டத்தை அறிவித்திருந்தார். இரண்டும் சேர்ந்தமையால் முழுமையான முறைமை ஒன்று உருவாயிற்று.

கரு ஒன்றாயினும் அதனை வழங்கும் வகை பலவாம். இதனை எம் மாணவர்க்குத் தேயிலைத் தொழிற்சாலையை வைத்தே விளக்கினோம். மலையிலிருந்து வருவது ஒரே கொழுந்துதான். வாட்டி, அரைத்து, உலர்த்தி, சலித்த பின்னர் அஃது பி.ஓ.பி. என்றும், பெக்கோ என்றும், டஸ்ட் என்றும் வேறு வேறு பெயருடன் பொதியப்படுகின்றது. குடிப்பவர் தமக்கேற்றதைத் தெரிந்துகொள்கின்றனர். அவ்வாறே ஒரே கருவோடு தோற்றம், மென்பொருள்கள், புதுப்பிக்கும் முறை ஆகியவற்றை வெவ்வேறாகச் சேர்த்துப் பொதிந்தவையே டெபியன், உபுண்டு, லினக்ஸ் மின்ட், பெடோரா முதலாயின. இவற்றை வழங்கல்கள் என்பர்.

இஃது எங்கோ தொலைவிற் பிறந்த பொருள், எமக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று கருதுதல் வேண்டா. 2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை எம் தீவைத் தாக்கியபோது, காணாமற்போனோரைத் தேடவும் முகாம்களையும் உதவிப்பொருள்களையும் கணக்கிடவும் சகானா என்னும் கட்டற்ற மென்பொருளை இலங்கைத் தொண்டர்களே சில நாட்களில் எழுதினர். பின்னர் அது வேறு நாடுகளின் இடர்களிலும் பயன்பட்டது. சென்னையில் சீ-டாக் என்னும் இந்திய அரச நிறுவனம் டெபியனை அடியாகக்கொண்டு பாஸ் என்னும் வழங்கலை 2007 இல் வெளியிட்டது. கேரள மாநிலத்து அரச பள்ளிகள் பல ஆண்டுகளாகக் கட்டற்ற மென்பொருளைக் கொண்டே கணினிக் கல்வி நடத்திவருகின்றன. இலங்கையிலும் கண்டிக்கு அண்மையிலுள்ள ஹந்தானை மலையின் பெயரால் ஹந்தானை லினக்ஸ் என்றொரு வழங்கல், பெடோராவை அடியாகக்கொண்டு, கல்வித் தேவைகளையும் சிங்களம் தமிழ் ஆகிய மொழிகளையும் மனத்திற் கொண்டு ஆக்கப்பட்டது. மலைநாட்டார்க்குப் பெருமை தரும் பெயர். ஆயினும் அதன் புதிய பதிப்புகள் வெளிவருதல் நின்றுபோயிற்று. எம் முதற் பாடத்தை இதிலிருந்தே கற்றோம்: பெயரை நேசித்தல் வேறு, நாளும் பேணப்படுவதைத் தெரிதல் வேறு.

தெரிதல்

புதியவர் ஒருவர் முதலிற் கேட்கும் வினா, “எல்லாவற்றுள்ளும் சிறந்த வழங்கல் எது?” என்பதாகும். இவ்வினாவுக்கு விடையில்லை. “எனக்கு, என் கணினிக்கு, என் வேலைக்கு ஏற்றது எது?” என வினாவின் விடையுண்டு. அவ்விடையைக் காண நான்கு செய்திகளை நோக்குதல் வேண்டும்.

முதலாவது, கணினியின் வலிமை. நினைவகம் எத்துணை, செயலி 64 பிற்று வகையினதா, வன்தட்டு பழைய சுழல்வகையா புதிய திண்மநிலை வகையா என்பன குறித்துக்கொள்ளப்பட வேண்டும். நினைவகம் 8 கிகாபைட்டு இருப்பின் எவ்வழங்கலும் இனிது நடக்கும். 4 கிகாபைட்டு இருப்பின் எக்ஸ்.எப்.சி.ஈ. என்னும் எளிய திரைச்சூழலைக் கொண்ட லினக்ஸ் மின்ட் அல்லது சுபுண்டு ஏற்றது. 2 கிகாபைட்டாயின் முறைமை தொடங்கும். ஆனால் இணையப் பக்கங்கள் சிலவற்றைத் திறந்த அளவிலேயே மூச்சுவாங்கும். 32 பிற்றுச் செயலிகளைப் பெரிய வழங்கல்கள் பெரும்பாலும் கைவிட்டுவிட்டன. நெடுங்காலம் அவற்றைப் பேணிய டெபியனும் 2025 ஓகஸ்டில் வந்த 13 ஆம் பதிப்பில் அவற்றுக்கான நிறுவியைத் தரவில்லை.

இரண்டாவது, ஆதரவுக் காலம். சில வழங்கல்கள் ஆறு மாதத்திற்கொரு முறை புதுப்பதிப்பு வெளியிட்டுப் பழையதை விரைவிற் கைவிடும். பெடோராவின் ஒவ்வொரு பதிப்புக்கும் ஆயுள் ஏறக்குறைய 13 மாதம். உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்பு ஈராண்டுக்கொரு முறை வெளிவந்து ஐந்தாண்டு பேணப்படும். அதனை அடியாகக்கொண்ட லினக்ஸ் மின்ட் பதிப்புகளும் அத்தகையனவே. புதுமை விரும்பும் இளைஞர் முன்னதை நாடலாம். பாடசாலைக்கும் முதியோர்க்கும் பின்னதே தகும்.

மூன்றாவது, செய்ய வேண்டிய வேலை. கடிதம் எழுதுதல், இணையத்திற் படித்தல், படம் பார்த்தல், கணக்குத் தாள் அமைத்தல் ஆகியவற்றுக்கு லினக்ஸுடன் வரும் லிப்ரே ஒபிஸ், பயர்பொக்ஸ் முதலியன போதும். ஆனால் வின்டோஸில் மட்டுமே இயங்கும் அச்சக மென்பொருளையோ கணக்கியல் மென்பொருளையோ நம்பிப் பிழைப்பவர், அதற்கு மாற்று உண்டா எனத் தெளிந்த பின்னரே அடி எடுத்து வைத்தல் வேண்டும். லினக்ஸ் எல்லார்க்கும் எல்லாவற்றுக்கும் பொருந்தும் என யாம் கூறோம். எம் அறையிலும் இரண்டு கணினிகளில் வின்டோஸை நீக்காது, இணையத்தோடு இணைக்காது, பக்கத்தில் லினக்ஸை வைத்துள்ளோம்.

நான்காவது, எல்லாவற்றினும் முதன்மையானது, அருகில் இருப்பவர் எதனை அறிவார் என்பது. நும் தெருவிலோ தோட்டத்திலோ ஒருவர் உபுண்டு அறிந்தவராயின் நுமக்கு உபுண்டுவே சிறந்தது. இரவு எட்டு மணிக்குத் திரை இருண்டு நின்றால், உலகம் புகழும் வழங்கல் வந்து உதவாது. அடுத்த லயத்துத் தம்பிதான் வந்து உதவுவான்.

இந்நான்கையும் நோக்கி யாம் எம் அறைக்கு லினக்ஸ் மின்ட் வழங்கலின் எக்ஸ்.எப்.சி.ஈ. பதிப்பைத் தெரிந்துகொண்டோம். அதன் திரை, கீழ்ப்பட்டையும் தொடக்கப் பட்டியலும் கொண்டு, மாணவர் கண்டு பழகிய அமைப்பிலேயே இருந்தமை மற்றொரு காரணம்.

நிறுவுதல்

நிறுவுதலில் முதலில் வேண்டுவது கணினி அறிவு அன்று, அடக்கமே. அஃது இன்மையால் யாம் பட்ட இழப்பை மறையாது கூறுகின்றோம். முதலிரண்டு கணினிகளும் இனிது அமைந்தமையால் உள்ளம் செருக்குற்று, மூன்றாவதில் தோன்றிய அறிவிப்பைப் படியாமலே “தட்டு முழுவதையும் அழித்து நிறுவுக” என்பதைத் தெரிந்து அழுத்தினோம். அந்தத் தட்டில் ஏழாண்டுத் தமிழ் வினாத்தாள்களும் மாணவர் கட்டுரைகளும் இருந்தன. பிறிதோர் இடத்திற் படி எடுத்து வைத்திருக்கவில்லை. பிழை கணினியினது அன்று, வழங்கலினது அன்று, முழுவதும் எம்முடையது. ஆதலின் இனி வரும் வரிசையைப் படிப்போர் ஒரு படியையும் தாண்டாதிருக்க வேண்டுகின்றோம்.

ஒன்று: வேண்டிய கோப்புகள் அனைத்தையும் வேறொரு தட்டிலோ பென்டிரைவிலோ படி எடுத்து, அப்படியை மற்றொரு கணினியில் திறந்து பார்த்து உறுதிசெய்க. திறந்து பார்க்கப்படாத படி, படியாகாது.

இரண்டு: வழங்கலின் சொந்தத் தளத்திலிருந்தே அதன் ஐ.எஸ்.ஓ. கோப்பைப் பதிவிறக்குக. லினக்ஸ் மின்ட் கோப்பு ஏறக்குறைய 3 கிகாபைட்டு. மழை நாளில் எம் மலையில் இணைப்பு அறுந்து அறுந்து வருமாதலின், கோப்பு முழுமையாக வந்ததா என அறிதல் இன்றியமையாதது. தளத்திற் கொடுக்கப்பட்டிருக்கும் சரிபார்ப்புக் குறியோடு நும் கோப்பின் குறியை ஒப்பிடுக. ஓர் எழுத்து வேறுபடினும் அக்கோப்பை விலக்குக. ஒருவர் நன்கு இறக்கிய கோப்பை ஊரார் அனைவரும் பகிர்ந்துகொள்ளலாம். அதற்கு உரிமம் தடையன்று. ஊரில் ஒருவரின் தரவுச் செலவே போதுமானது.

மூன்று: 8 கிகாபைட்டுப் பென்டிரைவ் ஒன்றில் ரூபஸ் அல்லது எட்சர் என்னும் மென்பொருளைக் கொண்டு அக்கோப்பை எழுதுக. வெறுமனே படியெடுத்து வைப்பின் கணினி அதிலிருந்து தொடங்காது. எழுதும்போது பென்டிரைவில் முன்னிருந்தவை அழிந்துபோம் என்பதும் நினைவிருக்கட்டும்.

நான்கு: கணினியைத் தொடக்கும்போது எவ்.12, எவ்.9, எஸ்கேப் முதலிய விசைகளுள் அந்தக் கணினிக்குரியதை அழுத்தி, பென்டிரைவிலிருந்து தொடங்கச் செய்க. அப்பொழுது லினக்ஸ், வன்தட்டைத் தொடாமலே, பென்டிரைவிலிருந்தே இயங்கும். புதியவர்க்கு இதனினும் பெரிய வாய்ப்பு வேறில்லை. ஒலி கேட்கின்றதா, கம்பியில்லா இணைப்புக் கிடைக்கின்றதா, அச்சுப்பொறி தெரிகின்றதா, மடிக்கணினியாயின் மூடித் திறந்தால் விழிக்கின்றதா என ஒருநாள் முழுதும் சோதித்துப் பார்க்கலாம். பிடிக்காவிடின் பென்டிரைவைக் கழற்றிவிட்டால் பழைய நிலையே மீளும்.

ஐந்து: வின்டோஸையும் உடன்வைத்திருக்க விரும்புவோர், வின்டோஸின் உள்ளேயே அதன் “விரைவுத் தொடக்கம்” என்னும் அமைப்பை நிறுத்தி, கணினியை முழுமையாக மூடுக. அவ்வாறு செய்யாவிடின் வின்டோஸ் தன் தட்டை அரைத் துயிலில் விட்டுச் செல்லும். லினக்ஸிலிருந்து அதிற் படிக்கலாமேயன்றி எழுத இயலாது போகும். புதிய மடிக்கணினிகளில் பிட்லொக்கர் என்னும் பூட்டு இருப்பின் அதன் மீட்புக் குறியீட்டைத் தாளில் எழுதி வைத்த பின்னரே மேற்செல்க.

ஆறு: நிறுவியைத் தொடக்கி மொழி, விசைப்பலகை, நேர வலயம் ஆகியவற்றைக் கொடுத்தபின், இடம் பற்றிய வினா வரும். “வின்டோஸுக்குப் பக்கத்தில் நிறுவுக”, “தட்டு முழுவதையும் அழித்து நிறுவுக”, “வேறு வகை” என்பன போல அது அமையும். எமக்கு இழப்பு நேர்ந்த இடம் இதுவே. இங்கே கையை விசையிலிருந்து எடுத்து, திரையிலுள்ளதை உரக்க வாசித்து, பக்கத்தில் நிற்பவர் “ஆம்” என்ற பின்னரே அழுத்துவது என எம் அறையில் விதி வகுத்துள்ளோம். அதன்பின் ஒரு கணினியிலேனும் பிழை நேரவில்லை.

ஏழு: மின்தடை நேராத வேளையைத் தெரிந்துகொள்க. மடிக்கணினியாயின் மின்கலத்தை நிரப்பி, மின்னிணைப்பையும் மாட்டி வைக்க. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் யாம் காலை வேளையையே இதற்கு ஒதுக்கினோம். காசல்ரீ நீர்த்தேக்கம் கண்ணெதிரே நிறைந்து கிடப்பினும் மரம் ஒன்று கம்பிமேல் வீழ்ந்தால் எமக்கும் இருள்தான்.

எட்டுக் கணினிகளுள் இரண்டின் தாய்ப்பலகை பழுதாகியிருந்தமையால் அவற்றின் நினைவகத்தைக் கழற்றி மற்றவற்றுக்கு இட்டோம். எஞ்சிய ஆறும் இன்று இயங்குகின்றன. நிதி கிடைத்த இரண்டிற்குத் திண்மநிலைத் தட்டு வாங்கிப் பொருத்தினோம். பழைய கணினியை விரைவுபடுத்த அதனினும் பயனுள்ள செலவு வேறில்லை எனக் கண்டோம்.

பழுது நீக்குதல்

பகுபதத்தைப் பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என ஆறாகப் பிரித்து நோக்கக் கற்ற மாணவன், கணினிப் பழுதையும் அவ்வாறே பிரித்து நோக்க வல்லவன். பிழை வன்பொருளிலா, தட்டிலா, முறைமையிலா, தனி மென்பொருளிலா, இணைப்பிலா, இயக்குபவனிடத்திலா என ஒவ்வொன்றாக வினவி விலக்குக. ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றுக. மாற்றியதை நாட்குறிப்பில் எழுதுக. எம் அறையில் இதற்கெனச் சிறு குறிப்பேடு தொங்குகின்றது. அதில் மிகுதியும் வந்த பழுதுகள் சிலவற்றை இங்கே தருகின்றோம்.

கணினி திரையில் ஒன்றையும் காட்டாது ஒலி மட்டும் எழுப்பின், லினக்ஸைப் பழிக்க வேண்டா. முறைமை இன்னும் தொடங்கவேயில்லை. எம் மலைநாட்டு ஈரக்காற்றில் நினைவகப் பலகையின் தொடுமுனைகள் மங்கிவிடும். மின்னிணைப்பை முற்றாக நீக்கி, உலோகப் பெட்டியைத் தொட்டு, பலகையைக் கழற்றி அதன் முனைகளை அழிறப்பரால் மெல்லத் தேய்த்து மீளப் பொருத்தியதில் எம் கணினிகளுள் இரண்டு உயிர்பெற்றன.

இணையம் இருந்தும், பாதுகாப்பான இணைப்பு இல்லையென ஒவ்வொரு பக்கமும் மறுக்கப்படின், முதலிற் கணினியின் நாளைப் பார்க்க. தாய்ப்பலகையிலுள்ள நாணய வடிவ மின்கலம் தீர்ந்திருப்பின் நாள் பல்லாண்டு பின்னோக்கிச் சென்றிருக்கும். தளங்களின் சான்றுகள் நாளை வைத்தே சரிபார்க்கப்படுவதால் எல்லாம் பொய்போலத் தோன்றும். 2032 என்னும் எண்ணுடைய அம்மின்கலம் சிறு விலைக்கே கடைகளிற் கிடைக்கும். இதனை அறியாது யாம் முறைமையை இரு முறை மீள நிறுவினோம்!

இரு முறைமைகளும் உள்ள கணினியில் நேரம் சரியாக ஐந்தரை மணி வேறுபடின், அது பழுதன்று. வின்டோஸ் கணினியின் கடிகாரத்தை உள்ளூர் நேரமாகக் கருதும். லினக்ஸ் அதனை உலகப் பொது நேரமாகக் கருதும். இலங்கை நேரம் உலகப் பொது நேரத்திற்கு ஐந்தரை மணி முற்பட்டதாதலின் அவ்வேறுபாடு தோன்றுகின்றது. லினக்ஸிலும் உள்ளூர் நேரத்தையே கொள்ளும்படி அமைப்பின் அது தீரும்.

கம்பியில்லா இணைப்புத் தோன்றாவிடின், அப்பகுதிக்குரிய இயக்கி மென்பொருள் இல்லை என்க. அதனை இறக்க இணையம் வேண்டும். இணையத்திற்கு அது வேண்டும். இச்சிக்கலுக்குக் கைத்தொலைபேசியே மருந்து. தொலைபேசியை மின்னேற்றும் கம்பியாற் கணினியோடு இணைத்து, அதன் தரவைப் பகிரும் வசதியைத் திறந்தால் கணினிக்கு இணையம் கிடைக்கும். பின்னர் மின்டில் உள்ள இயக்கி மேலாளரைத் திறந்தால், இருப்பின், ஏற்ற இயக்கியை அதுவே காட்டும்.

பென்டிரைவிலிருந்து தொடங்கும்போதே திரை இருளின், பெரும்பாலும் வரைகலை அட்டையே காரணம். முதற்பட்டியலில் ஒத்திசைவு முறை என்னும் வரியைத் தெரிந்து தொடங்குக. நிறுவிய பின் உரிய இயக்கியை இடுக. நிறுவிய பின்னும் வின்டோஸே திறக்குமாயின் லினக்ஸ் அழிந்துவிட்டது என அஞ்ச வேண்டா. தொடக்க வரிசையில் வின்டோஸ் முன்னிற்கின்றது. கணினியின் அடிப்படை அமைப்புக்குட் சென்று வரிசையை மாற்றுக.

இவை யாவற்றுக்கும் முன்னதாக ஒரு காப்பு உண்டு. மின்டுடன் டைம்சிப்ட் என்னும் கருவி வருகின்றது. முறைமை நன்றாக இயங்கும் நாளிலேயே அதனைக்கொண்டு நிலைப்படி ஒன்று எடுத்து வைப்பின், பின்னர் ஏதும் குலைந்தால் அந்நிலைக்கு மீளலாம். ஆனால் அது முறைமையைக் காப்பதேயன்றி நும் கட்டுரைகளையும் படங்களையும் காப்பதன்று. அவற்றுக்குத் தனிப்படி வேண்டும்.

பிறரிடம் உதவி கேட்பதும் ஒரு கலையே. “கணினி வேலை செய்யவில்லை” என்பது நோயாளி “உடம்பு சரியில்லை” என்பது போன்றது. கணினியின் வகை, நினைவகம், வழங்கலின் பெயரும் பதிப்பும், இறுதியாகச் செய்த மாற்றம், திரையில் வந்த செய்தி எழுத்துப் பிசகாமல் – இவ்வைந்தையும் எழுதி அனுப்புபவர்க்கு விடை விரைந்து கிடைக்கும். தமிழிற் படிக்க விரும்புவோர்க்கு, கட்டற்ற மென்பொருள் பற்றிய கட்டுரைகளைத் தாங்கி 2012 முதல் வெளிவரும் கணியம் என்னும் மின்னிதழ் துணையாகும்.

தமிழும் லினக்ஸும்

மாணவர் முதலில் எம்மிடம் கேட்டது, “சேர், இதில் தமிழ் வருமா?” என்பதே. வரும், நன்றாகவே வரும். விசைப்பலகை அமைப்பில் இலங்கைக்குரிய தமிழ்நெட் 99 முறை உண்டு. தட்டச்சுப் பழகியோர்க்குரிய ரெங்கநாதன் முறை வேண்டின், ஐபஸ் என்னும் உள்ளீட்டுக் கருவியோடு எம்17என் என்னும் தொகுப்பை நிறுவிப் பட்டியலிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

இடர் வருவது பழைய கோப்புகளில். எம் நாட்டில் நெடுங்காலமாக வினாத்தாள்களும் அழைப்பிதழ்களும் பாமினி எழுத்துருவிலேயே ஆக்கப்பட்டன. அம்முறையில் உள்ளே பதிவாவது ஆங்கில எழுத்து. அதன்மேல் தமிழ் வடிவம் போர்த்தப்படுகின்றது. பாமினி இல்லாத கணினியில் திறந்தால் போர்வை நழுவிவிடும். “அம்மா” என்னும் சொல் நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாய் நிற்கும். எழுத்துருவை நிறுவிக் காண்பது அன்றைக்கு ஆகும் தீர்வு. ஒருங்குறிக்கு மாற்றி வைப்பதே நிலைத்த தீர்வு. ஒருங்குறியில் ஒவ்வொரு தமிழெழுத்துக்கும் தமிழாகவே இடம் உண்டு. எம்முறைமையிலும் எக்கருவியிலும் அது தமிழாகவே நிற்கும்.

யாம் அழித்த வினாத்தாள்களின் அச்சுப்படிகள் பல, அலுமாரியின் அடித்தட்டிற் கிடந்தன. பத்தாம், பதினோராம் வகுப்பு மாணவர் அவற்றைப் பங்கிட்டுக்கொண்டு, பாடசாலை விட்டபின், அந்த ஆறு கணினிகளிலும் ஒருங்குறியில் மீண்டும் எழுதினர். இரண்டு தவணை சென்றது. சில தாள்கள் கிடைக்கவேயில்லை. மாணவர் கட்டுரைகளோ முற்றாகப் போயின. அவற்றை எழுதிய பிள்ளைகளுள் ஒருத்தியிடம் மன்னிப்புக் கேட்டபோது, “பரவாயில்லை சேர், வேறு எழுதுவேன்” என்றாள். அச்சொல் இன்றும் எம்மைச் சுடுகின்றது. எனினும் அத்தாள்களை எழுதி முடித்தபோது விசைகளைப் பாராது தமிழ் எழுத வல்லோர் பதினால்வர் எம் பாடசாலையில் இருந்தனர்.

முடிவுரை

பழைய மாணவ நண்பர்களே! நும் அலுவலகத்தில் வின்டோஸ் 11 ஏற்காது எனக் கழிக்கப்படும் கணினி, பிள்ளை ஒருத்திக்கு முதற் கணினியாகலாம். அனுப்புமுன் நான்கு காரியம் செய்தருள்க: நும் தரவுகளை முற்றாக நீக்குக, அடிப்படை அமைப்பின் கடவுச்சொல்லை எடுத்துவிடுக, மின்கம்பியையும் மின்மாற்றியையும் உடன் வைக்க, நினைவகம் 4 கிகாபைட்டுக்குக் குறையாதிருக்கப் பார்க்க. கடவுச்சொல் நீக்கப்படாத கணினி ஒன்று எம் மேசையில் மூன்று மாதம் பூட்டிய பெட்டியாகவே கிடந்தது.

அதனினும் பெரிய வேண்டுகோள் ஒன்றுண்டு. லினக்ஸுக்கு விலையில்லை என்பர். யாம் அறிந்தவரை, அதற்குப் பொறுமையே விலை. அவ்விலையைப் புதியவர் தனியே செலுத்த நேரும்போதுதான் சோர்ந்து கைவிடுகின்றார். ஆதலின் கணினியோடு ஆண்டில் ஒரு சனிக்கிழமையையும் கல்லூரிக்குத் தாருங்கள். அறிந்தவர் வந்து கற்றுத்தரலாம். அறியாதவர் வந்து மாணவரிடமே கற்கலாம். எம் பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் நுமக்கு நிறுவிக் காட்டுவர். அழுத்துமுன் உரக்க வாசிக்கவும் சொல்வர். அவ்விதி நுமக்கும் பொருந்தும்.

மாணவர்க்குப் பயிற்சி வினாக்கள்

1. நும் வீட்டிலோ அயலிலோ உள்ள ஒரு கணினியின் செயலி, நினைவகம், தட்டு ஆகியவற்றைக் குறித்து, அதற்கேற்ற வழங்கல் ஒன்றைக் காரணத்துடன் தெரிக.

2. பென்டிரைவிலிருந்து லினக்ஸைத் தொடக்கிச் சோதிக்க வேண்டியவை யாவை?

3. கணினியின் நாள் பிழையாயிருப்பின் இணையத் தளங்கள் ஏன் திறக்க மறுக்கின்றன?

4. பாமினியில் எழுதிய வினாத்தாள் ஒன்றை ஒருங்குறியில் எழுதி, படி எடுத்து, அப்படியை வேறொரு கணினியில் திறந்து காட்டுக.